நாற்காலி யாருக்கு?

(பட்டிமன்றத் தலைப்பு: முதலாளி – தொழிலாளி ஏற்றத்தாழ்வைத் திரைப்படங்கள் உணர வைக்கின்றனவா? உறங்க வைக்கின்றனவா? ‘உறங்க வைக்கின்றன’ அணியின் நிறைவுரை)

நகைச்சுவையும் நல்ல தமிழும் கலந்து இந்த மன்றத்தை நடத்திக்கொண்டிருக்கிற பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து, இவன் என்ன சொல்லப் போகிறானோ என்று என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற அன்பு நண்பர்களே! பண்டிகை நாளும் அதுவுமாகப் பலகாரத்தை விட்டுவிட்டு எங்களை நம்பி வந்து உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் முறுக்கைக் கடித்துக்கொண்டே பாதி வார்த்தையைக் கோட்டைவிடுகிற குடும்பத்தார்களே! (சிரிப்பு)

நடுவர் ஐயா, எங்க அணிக்கு ‘உறங்க வைக்கின்றன’ன்னு தலைப்பு கொடுத்தீங்க. உடனே எதிரணித் தம்பி என் காதுல வந்து சொல்றார், “ஐயா, உங்களுக்குப் பொருத்தமான தலைப்பு”ன்னு. (சிரிப்பு) உண்மைதான். முப்பது வருஷமா மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச வகுப்புல இலக்கணம் நடத்துறவன் நான். தூக்கத்தைப் பத்திப் பேச இந்த மேடையில என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. (சிரிப்பு, கைதட்டல்)

எங்க வாதம் ரொம்பச் சின்னது ஐயா. ஏற்றத்தாழ்வு என்பது ஒரு ஏற்பாடு. சினிமா அதை ஒரு ஆளோட குணமா மாத்திக் காட்டுது. முதலாளி நல்லவரா, கெட்டவரா? கெட்டவர்னா அடி. நல்லவர்னா கும்பிடு. வணக்கம் போட்டு அனுப்பிடுவாங்க. சம்பளம் எவ்வளவு? வேலை எத்தனை மணி நேரம்? உட்கார இடம் உண்டா? சாப்பாட்டு நேரம் எவ்வளவு? இந்தக் கேள்வியெல்லாம் கேட்காம நம்மைத் தட்டித் தூங்க வைக்கிறதுக்குச் சினிமா நாலு தாலாட்டு வச்சிருக்கு. ஒண்ணொண்ணாப் பாடிக் காட்டுறேன். பயப்படாதீங்க, ராகம் போட மாட்டேன். (சிரிப்பு)

முதல் தாலாட்டு, நல்ல முதலாளி. 1957ல ‘முதலாளி’ன்னே ஒரு படம் வந்தது. முக்தா சீனிவாசன் இயக்கம், எஸ்.எஸ். ராஜேந்திரன் கதாநாயகன். முதலாளி தான் யாருன்னு சொல்லாம, சாதாரண ஆள் மாதிரி வந்து வேலைக்காரங்களோட பழகுவார். அருமையான படம், நான் மறுக்கலை. ஆனா ஐயா, தன் தொழிலாளி எப்படி இருக்கான்னு தெரிஞ்சுக்க ஒரு முதலாளி வேஷம் போட வேண்டியிருக்கு பாருங்க! சொந்தக் கம்பெனிக்குள்ள அவ்வளவு தூரம்! அந்தத் தூரம் எப்படி வந்துச்சுன்னு படம் கேட்காது. முதலாளி தங்கமானவர்னு தெரிஞ்சதும் நாம திருப்தியா எந்திரிச்சு வந்துடுவோம்.

இந்தத் திருப்தி எவ்வளவு நம்பகமானதுன்னு சார்லி சாப்ளின் 1931லயே காட்டிட்டார். ‘சிட்டி லைட்ஸ்’ படத்துல ஒரு கோடீஸ்வரர் வருவார். குடிச்சிருக்கும்போது ஏழை சாப்ளினைக் கட்டிப் பிடிச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் விருந்து வைப்பார். காலையில போதை தெளிஞ்சதும், “யார்ரா இவன்?”னு வெளியே தள்ளிடுவார். ராத்திரி நண்பன், காலையில அந்நியன்! முதலாளியோட நல்ல மனசை மட்டும் நம்பி வாழ்ந்தா, அவர் எந்த மூடுல இருக்கார்னு பார்த்துக்கிட்டேதான் வாழணும். (கைதட்டல்)

இரண்டாவது தாலாட்டு, ரத்த சம்பந்தம். இது நம்ம ஊர் ஸ்பெஷல். 1960ல ஜெமினியோட ‘இரும்புத்திரை’. மில் தொழிலாளியா சிவாஜி, மில் முதலாளியா ரங்காராவ். பஞ்சாலைத் தொழிலாளியோட உரிமையைப் பத்தி அழுத்தமாப் பேசுற படம். நல்லாத்தான் போய்க்கிட்டு இருக்கும். கடைசியில பார்த்தா, கதாநாயகி வைஜயந்திமாலா அந்த முதலாளி கைவிட்ட மகள்! அவ்வளவுதான், மில் பிரச்சினை வீட்டுப் பிரச்சினை ஆயிடும். அப்பா மகளைக் கண்டுபிடிச்சிட்டார், சந்தோஷம். மத்தத் தொழிலாளிங்க எல்லாருக்கும் அப்பா வேற ஆளாச்சே, அவங்க என்ன பண்றது? (பலத்த சிரிப்பு)

35 வருஷம் கழிச்சு, 1995ல ‘முத்து’. ரஜினி சார் ஜமீன் வீட்டு வேலைக்காரர். குதிரை வண்டி ஓட்டுவார். அவர் சிரிச்சா நாம சிரிச்சோம், அவர் அடிபட்டா நமக்கு வலிச்சுது. பின்னால கதை திரும்புது. அவர் வேலைக்காரர் இல்லை, அந்தச் சொத்துக்கே உண்மையான வாரிசு! தியேட்டரே அதிருது. நானும் கைதட்டினவன்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் யோசனை வந்தது. அப்ப வேலைக்காரனுக்கு மரியாதை கிடைக்கணும்னா, முதல்ல அவன் வேலைக்காரனா இருக்கக் கூடாது! ஜமீன்தார் மகனாப் பிறந்திருக்கணும்! (சிரிப்பு, கைதட்டல்) நிஜமாவே வேலைக்காரர் வீட்டுல பிறந்தவருக்கு அந்தப் படம் என்ன ஆறுதல் சொல்லுது?

மூன்றாவது தாலாட்டு, ஒரே பாட்டு. 1992ல ‘அண்ணாமலை’. பால்காரர் ஒரு சபதம் போடுறார். ஒரு பாட்டு. பாட்டு முடியும்போது பெரிய தொழிலதிபர். 1997ல ‘சூரியவம்சம்’. ஒரு பாட்டு. பாட்டு முடியும்போது கணவர் பஸ் முதலாளி, மனைவி கலெக்டர். அஞ்சு நிமிஷத்துல ரெண்டு உத்தியோகம்! (சிரிப்பு) எங்க கல்லூரிப் பையன் ஒருத்தன் கேட்டான், “ஐயா, அந்தப் பாட்டை நான் தினமும் காலையில கேட்கிறேன், இன்னும் ஒண்ணும் நடக்கலையே”ன்னு. (பலத்த சிரிப்பு)

உழைச்சு முன்னேறுறது பெரிய விஷயம். அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். என் கேள்வி வேற. அந்தப் பாட்டுல கட்டடம் எழும்புது. செங்கல் சுமந்தவர் யாரு? அண்ணாமலை பெரிய ஹோட்டல்காரர் ஆயிட்டார், ரொம்ப சந்தோஷம். அந்த ஹோட்டல்ல பாத்திரம் தேய்க்கிறவருக்கு என்ன சம்பளம்? அவருக்கும் ஒரு பாட்டு உண்டா? ஏணியில ஒருத்தர் ஏறுறதைக் காட்டுற படம், அந்த ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற பத்துப் பேரைக் காட்டலை. நாமளும் ஏறினவரையே பார்த்துக்கிட்டு இருந்துட்டோம்.

நான்காவது தாலாட்டு, அடி. 1965ல ‘எங்க வீட்டுப் பிள்ளை’. நம்பியார் கையில சாட்டை. அப்பாவி எம்.ஜி.ஆர். அடி வாங்குவார். அப்புறம் இன்னொரு எம்.ஜி.ஆர். வந்து, அதே சாட்டையை எடுத்து விளாசுவார். அந்தப் பாட்டு உங்களுக்கே தெரியும், நான் பாடினா நீங்க சாட்டையை எடுத்துடுவீங்க. (சிரிப்பு) நம்ம பாட்டன், அப்பன் எல்லாரும் வயலுக்கும் ஆலைக்கும் போய் வாங்கின அவமானத்துக்கெல்லாம் அந்தத் திரையில ஒரு மருந்து கிடைச்சது. அதை நான் குறைச்சுச் சொல்லவே மாட்டேன். ஆனா நடுவர் அவர்களே, சாட்டை கை மாறுச்சு. சாட்டை ஒழியலை! (பலத்த கைதட்டல்)

இந்த நாலு தாலாட்டையும் ஒரே தொட்டில்ல போட்டு ஆட்டின படம் ஒண்ணு உண்டு. 1992, ‘மன்னன்’, பி. வாசு இயக்கம். விஜயசாந்தி தொழிற்சாலை முதலாளி. ரஜினி சார் தொழிலாளி, அப்புறம் தொழிற்சங்கத் தலைவர். லீவு சொல்லிட்டு ரஜினியும் கவுண்டமணியும் சினிமாவுக்குப் போய், அங்கே தங்கம் பரிசு வாங்கி, அதனாலயே முதலாளிகிட்ட மாட்டுவாங்க பாருங்க, இன்னைக்கு நினைச்சாலும் சிரிப்பு வருது. ஆனா கதையைக் கவனிங்க. ஆலைக்குள்ள முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தகராறு. அந்தத் தகராறு எப்படித் தீருது? கல்யாணத்துல! (சிரிப்பு) கல்யாணத்துல தகராறு தீர்ந்ததா உலகத்துல எங்கேயாவது உண்டா? தாய்மார்கள் சொல்லுங்க! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) கடைசியில அந்த அம்மா ஆலையை விட்டுட்டு இல்லத்தரசி ஆயிடுவாங்க.

ஆம்பிளை முதலாளி ஆணவமா இருந்தா, மனசு மாறினாப் போதும், நாற்காலியில உட்கார்ந்தே இருக்கலாம். பொம்பளை முதலாளி ஆணவமா இருந்தா, நாற்காலியையே விட்டு இறங்கணும். ஒரு ஏற்றத்தாழ்வைத் தீர்க்கப் போன படம், இன்னொரு ஏற்றத்தாழ்வை வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சிட்டுப் போயிடுச்சே!

எதிரணிச் சகோதரி அழகாக் கேட்டாங்க. “மூட்டை தூக்கிட்டு வந்து, மூணு மணி நேரம் கவலையை மறக்கிறவன்கிட்டப் போய்த் தொழிலாளர் சட்டமா நடத்துவீங்க?”ன்னு. நியாயமான கேள்வி. நாள் முழுக்க உழைச்சவனுக்குத் தூக்கம் வேணும்மா. அவன் தூங்குறதை நான் குறை சொல்லலை. அவன் தூங்குற நேரம் பார்த்து, அவனோட வீட்டுல எதுவும் குறையில்லைன்னு காதுல ஓதுறாங்களே, அதைத்தான் குறை சொல்றேன். தூக்கம் வேற, மயக்கம் வேற. (கைதட்டல்)

இந்த இடத்துல இந்தத் தமிழ் வாத்தியாரைக் கொஞ்சம் இலக்கியத்துக்கு விடுங்க. புறநானூற்றிலே ஐம்பதாவது பாட்டு. மோசிகீரனார்னு ஒரு புலவர். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோட அரண்மனைக்கு வர்றார். நடந்து வந்த களைப்பு. அங்கே ஒரு கட்டில், பூப்போட்டு மெத்து மெத்துன்னு இருக்கு. படுத்துத் தூங்கிட்டார். அது யாரோட கட்டில்? அரசனோட வீர முரசை வைக்கிற கட்டில். முரசை நீராட்டக் கொண்டுபோயிருக்காங்க. அதுல வேற ஒருத்தர் ஏறினா, வாளால வெட்டி ரெண்டு துண்டு! அரசன் வர்றான். பார்க்கிறான். வெட்டலை. விசிறியை எடுத்து, புலவர் கண் விழிக்கிற வரைக்கும் நின்னு வீசுறான். (கைதட்டல்)

ரெண்டாயிரம் வருஷமா இந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறோம். நானும் வகுப்புல கண் கலங்கத்தான் நடத்துவேன். ஆனா இன்னைக்கு இந்தத் தலைப்புக்காகத் திரும்பப் படிச்சேன் ஐயா. படுத்தவர் புலவர். அதனால விசிறி வந்துச்சு. அந்த முரசைத் தோள்ல சுமந்து நீராட்டக் கொண்டுபோனானே ஒருத்தன், அவன் களைச்சுப் போய்ப் படுத்திருந்தா? (அமைதி) விசிறி வந்திருக்குமா, வாள் வந்திருக்குமா? அரசனோட பெருந்தன்மை உண்மை. அந்தப் பெருந்தன்மை பாட்டுல ஏறுற அளவுக்கு அபூர்வமா இருந்ததும் உண்மை. ஒருத்தருக்கு விசிறி வீசினதைப் பாடினோம். கட்டிலோட சட்டம் மாறினதா எந்தப் பாட்டும் இல்லையே! நம்ம சினிமா முதலாளி இந்த விசிறிக்காரர்தான். அவர் வீசுற காத்துல நமக்குச் சுகமாத் தூக்கம் வருது. (பலத்த கைதட்டல்)

இப்ப எதிரணித் தலைவர் வச்ச ஆயுதத்துக்கு வர்றேன். “பாதை தெரியுது பார், அங்காடித் தெரு, பரதேசி, மாமன்னன் — இதெல்லாம் உணர வைக்கலையா?”ன்னு கேட்டார். வச்சது ஐயா. ஒத்துக்கிறேன். ஆனா எத்தனை படத்துக்கு நடுவுல எத்தனை படம்? 1960ல ‘இரும்புத்திரை’ வந்த அதே வருஷம்தான் நிமாய் கோஷ் இயக்கத்துல ‘பாதை தெரியுது பார்’ வந்துச்சு. தொழிலாளிகளோட கதை. எம்.பி. சீனிவாசன் இசை. மகள் யாருன்னு தேடாம, தொழிலாளிங்க ஒண்ணு சேர்றதைக் காட்டின படம். ஓடலை. விழித்திருக்கச் சொன்ன படம் படுத்துடுச்சு. தூங்கச் சொன்ன படங்களெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

இந்தப் படங்கள் வேற என்ன பண்ணுச்சு? முதலாளி நல்லவரா கெட்டவரான்னு அதிகமாக் கேட்கலை. ஏற்பாட்டைக் காட்டுச்சு. 2013ல ‘பரதேசி’. பால் ஹாரிஸ் டேனியல் எழுதிய ‘ரெட் டீ’ நாவலைத் தழுவின கதை. கிராமத்து ஜனங்களைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறவர் யாரு? துரை இல்லை. நம்ம பாஷை பேசுற கங்காணி! முன்பணம் கொடுத்துக் கூட்டிட்டுப் போவார். வருஷக் கடைசியில கணக்குப் பார்த்தா, உழைச்சவன்தான் பாக்கி! இதுல யாரை அறையிறது? கணக்குப் புத்தகத்துக்குக் கன்னம் உண்டா?

இன்னைக்கு அதைவிட மோசம். உங்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவர்ற தம்பியைக் கேளுங்க. “உன் முதலாளி யாருப்பா?”ன்னா செல்போனைக் காட்டுவான். எவ்வளவு நேரத்துல போகணும், எவ்வளவு கூலின்னு எல்லாம் அதுதான் சொல்லும். ‘மன்னன்’ படத்துல மாதிரி வாக்குவாதம் பண்ணலாம்னா எதிர்ல ஆளே இல்லை. செல்போனைக் கல்யாணமும் பண்ணிக்க முடியாது. (சிரிப்பு) பாதிப் பேர் ஏற்கெனவே பண்ணிக்கிட்ட மாதிரிதான் இருக்காங்க, அது வேற விஷயம். (பலத்த சிரிப்பு)

2010ல வசந்தபாலன் எடுத்த ‘அங்காடித் தெரு’. தென்மாவட்டத்துப் பிள்ளைங்க சென்னைத் துணிக்கடைக்கு வேலைக்கு வர்றாங்க. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கணும். அண்ணாச்சி எப்பவாவதுதான் வருவார். தினமும் கடிக்கிறவர் சூப்பர்வைசர். அந்தப் படத்துல என்னைத் தூங்க விடாதது அடிதடி இல்லை. அந்தக் கால்கள். நாம தீபாவளிக்குத் துணி எடுக்கப் போறோம். சிமெண்டு கலர்ல பாடர் வச்சது, அதுல மயில் வேணும், மயில் சின்னதா இருக்கணும்னு அம்பது சேலையைப் பிரிக்கச் சொல்லி, “சரி, வேற கடையில பார்க்கிறோம்”னு எந்திரிச்சு வர்றோம். (சிரிப்பு) எந்திரிச்சு வர்றோம். அப்ப நாம உட்கார்ந்திருந்தோம். பிரிச்சுக் காட்டின பொண்ணு?

பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நின்னா கால்ல நரம்பு சுருட்டிக்கும், பாதம் வீங்கும். வருஷக்கணக்கா இது எல்லாருக்கும் தெரியும். நல்ல முதலாளி சில பேர் ஸ்டூல் போட்டிருப்பாங்க, நான் மறுக்கலை. ஆனா அது விசிறி வீசுற கதை. கேரளாவுல துணிக்கடைப் பெண்கள் போராடினாங்க. கோழிக்கோட்டுல கிளம்பின குரல். 2018ல அங்கே சட்டத்தைத் திருத்தினாங்க. நம்ம தமிழ்நாட்டுல 2021 செப்டம்பர்ல சட்டமன்றத்துல மசோதா வந்து, 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல ஒரு பிரிவு சேர்த்தாங்க. கடையில வேலை பார்க்கிற எல்லாருக்கும் உட்கார இருக்கை போட்டே ஆகணும்! (கைதட்டல்) சுதந்திரம் வந்த வருஷத்துச் சட்டத்துல ஒரு நாற்காலியைச் சேர்க்க நமக்கு 74 வருஷம் ஆச்சு ஐயா. நல்லவரா இருந்தாலும் சரி, கெட்டவரா இருந்தாலும் சரி, நாற்காலி போட்டாகணும். கட்டிலோட சட்டம் மாறுறதுன்னா இதுதான்.

அந்த நாற்காலி கடையில மட்டும் இல்லை. 2023ல மாரி செல்வராஜோட ‘மாமன்னன்’. வடிவேலு அதுல சட்டமன்ற உறுப்பினர். நம்மைச் சிரிக்க வச்ச வடிவேலு அன்னைக்குச் சிரிக்க விடலை. கட்சிக்காரர் வீட்டுக்குப் போறார். நாற்காலி இருக்கு. உட்கார மாட்டார். ஓட்டு வாங்கி ஜெயிச்சவர், நின்னுக்கிட்டே இருக்கார். மகன் கேட்கிறான், ஏன் என் அப்பா உட்காரக் கூடாதுன்னு. ‘அது சினிமா’ன்னு சொல்றீங்களா? 2020 அக்டோபர்ல கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றத் தலைவரைக் கூட்டத்துல தரையில உட்கார வச்ச படம் பத்திரிகையில வந்துச்சே! பதவி கொடுத்தது சட்டம். நாற்காலி கொடுக்க மறுத்தது சாதி. எதிரணி நண்பர்களே, இப்படிப்பட்ட படங்களை நீங்க எடுத்துச் சொன்னதுக்கு நன்றி. மத்த நூத்துக்கணக்கான படங்கள் எதைக் காட்டாம மறைச்சுதுன்னு இந்த நாலஞ்சு படம்தான் எங்களுக்குச் சாட்சி சொல்லுது! (பலத்த கைதட்டல்)

கடைசியா, கைதட்டின நமக்கெல்லாம் ஒரு வார்த்தை. முதலாளின்னதும் நாம எல்லாரும் மேலேயே பார்க்கிறோம். மில் முதலாளி, கடை முதலாளி. நம்ம வீட்டுக்குக் காலையில பாத்திரம் தேய்க்க ஒரு அம்மா வர்றாங்களே, அவங்களுக்கு நாமதானே முதலாளி? ‘முத்து’ படத்துல ரஜினி சாருக்காகக் கண்ணீர் விட்டோம். அந்த அம்மாவுக்குக் காப்பி எந்தத் தம்ளர்ல போகுது? (அமைதி) குடும்பத்தோட சேர்ந்து சீரியல் பார்க்கிறாங்க, சந்தோஷம். எங்கே உட்கார்ந்து பார்க்கிறாங்க? சோபாவுலயா, தரையிலயா? “அவங்களே தரையிலதான் உட்காருவாங்க சார்”னு சொல்லாதீங்க. மாமன்னனும் அவரேதான் நின்னுக்கிட்டு இருந்தார்.

நாம கெட்டவங்க இல்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறோம். உடம்பு சரியில்லைன்னா மருந்துக்குப் பணம் கொடுக்கிறோம். நாமளும் நல்ல முதலாளிதான், அந்தப் பழைய படத்துல வர்ற மாதிரி. ஆனா வாரத்துல ஒரு நாள் லீவு உண்டா? லீவு போட்டா சம்பளம் பிடிப்போமா? இதைப் பேசி முடிவு பண்ணியிருக்கோமா, இல்லை நம்ம மூடுக்கு விட்டிருக்கோமா? இந்தக் கேள்வியை இத்தனை வருஷம் கேட்க விடாம நம்மைத் தாலாட்டினது எதுன்னு யோசிச்சுப் பாருங்க.

ஆகவே நடுவர் அவர்களே, நல்லவர் – கெட்டவர் என்கிற கதையைச் சொல்லிச் சொல்லி, ஏற்றத்தாழ்வு என்கிற ஏற்பாட்டை நம் கண்ணிலிருந்து மறைத்து, பெரும்பாலான திரைப்படங்கள் நம்மை உறங்கவே வைக்கின்றன என்று தீர்ப்பளிக்க வேண்டுமெனப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பேச்சாளர்கள் நாங்கள் எல்லாரும் ‘வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன்’ என்றுதான் முடிப்போம். எனக்கு இங்கே ஒரு நாற்காலி இருக்கிறது, அமர்கிறேன். மூன்று மணி நேரமாக விளக்கையும் கேமராவையும் பிடித்துக்கொண்டு அந்த ஓரத்திலே நின்றுகொண்டே இருக்கிற தம்பிகளுக்கும் யாராவது ஒரு நாற்காலி போடுங்கள் ஐயா.

(நீண்ட கைதட்டல்)